சவரக்கத்தியில் பெயர் பொறிக்காத விஞ்ஞானி



மடக்குச் சவரக்கத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது முடிதிருத்தும் கடைகளில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாற்றுகிறார்கள். உங்கள் தாத்தா சிறுவராக இருந்தபோது அப்படி இல்லை. முழுக்க உருக்கால் அடித்த ஒரே கத்தி. அதைத் தோல் வாரில் இப்படியும் அப்படியும் தீட்டித் தீட்டிப் பல ஆண்டுகள் பயன்படுத்துவார்கள். நன்றாகப் பராமரித்தால் அப்பா பயன்படுத்திய கத்தி மகனுக்கும் உதவும்.

அப்படிப்பட்ட பழைய கத்தி எங்காவது கிடைத்தால், அதைச் செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இது ஒரு நல்ல துப்பறியும் விளையாட்டு. அந்த விளையாட்டைத் தொடர்ந்து போனால், நாம் ஒரு மாபெரும் விஞ்ஞானியின் வீட்டு வாசலில் போய் நிற்போம். வாருங்கள், போகலாம். (கத்தியை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். பெரியவர்கள் விரித்துக் காட்டட்டும்!)

கத்தியின் கழுத்தைப் பாருங்கள்

கத்தியின் கூரான பகுதிக்கும் கைப்பிடிக்கும் நடுவே தடித்த கழுத்து போன்ற ஒரு பகுதி இருக்கும். செய்தவரின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய கத்திகள் பலவற்றில் ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயரைக் காணலாம். அது இங்கிலாந்தில் உள்ள உருக்கு நகரம். அங்கே கத்தி செய்வோருக்கென்று ஒரு சங்கம் 1624ஆம் ஆண்டில் சட்டப்படி அமைக்கப்பட்டது. தொழில் செய்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிச் சின்னத்தை அந்தச் சங்கம் ஒதுக்கிக் கொடுத்தது. நட்சத்திரமும் சிலுவையும் இருந்தால் அது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் கத்தி. இப்படிச் சின்னத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

காலத்தையும் கண்டுபிடிக்கலாம். கிரீடத்தின் இருபுறமும் டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால், 1830 முதல் 1837 வரை ஆண்ட நான்காம் வில்லியம் மன்னரின் காலத்தை அது குறிக்கும். வி, ஆர் என்றிருந்தால் விக்டோரியா மகாராணியின் காலம். அதாவது 1837 முதல் 1901 வரை. இங்கிலாந்து என்று நாட்டின் பெயரே இருந்தால், அது பெரும்பாலும் 1891ஆம் ஆண்டுக்குப் பிறகு செய்தது. ஏனென்றால், வெளிநாட்டுச் சரக்குகளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சில கடைக்காரர்கள், கத்தியைத் தாங்கள் செய்யாவிட்டாலும் தங்கள் பெயரைப் பொறிக்கச் சொல்லி வாங்குவார்கள். ஆகவே பெயர் இருந்தால் மட்டும் போதாது. அது செய்தவர் பெயரா, விற்றவர் பெயரா என்றும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் 'வெள்ளி உருக்கு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். உருக்கில் வெள்ளியா? யாருக்கு வந்தது இந்த யோசனை? அந்த ஆளைத் தேடிப் போனால் கிடைப்பவர்தான் மைக்கேல் ஃபாரடே! ஆம், நம் வீட்டுக்கு மின்சாரம் வருவதற்கு அடிப்படையான உண்மையைக் கண்டுபிடித்த அதே ஃபாரடேதான்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டனை ஒட்டிய நியூவிங்டன் என்ற இடத்தில் மைக்கேல் பிறந்தான். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். தாய் மார்கரெட். நான்கு குழந்தைகளில் மைக்கேல் மூன்றாமவன். தந்தைக்கு அடிக்கடி உடல்நலம் கெட்டது. உலையடிக்குப் போகாத நாட்களில் வருமானமும் இல்லை. 1801ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது, மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் கொடுக்க முடிந்தது. ஒரு நாளைக்கு அல்ல, குழந்தைகளே, ஒரு வாரத்துக்கு! வயது அப்போது ஒன்பது.

பள்ளிப் படிப்பும் எழுதப் படிக்க, கணக்குப் போடக் கற்றதோடு சரி. 13ஆம் வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழில் பழகத் தொடங்கினான். ஏழு ஆண்டுகள் பழக வேண்டும் என்பது ஒப்பந்தம்.

மற்றவர்கள் புத்தகத்தைத் தைத்து அட்டை போட்டு அனுப்பிவிடுவார்கள். மைக்கேல் தைப்பதற்கு முன்பு படித்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவன் கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் கைக்கு வந்தது. படித்தது உண்மைதானா என்று செய்து பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கிடைத்த சில்லறைக் காசில் பொருள்கள் வாங்கிச் சிறுசிறு சோதனைகள் செய்தான். மாலை நேரத்தில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம். அந்தக் காசைக் கொடுத்து உதவியவன், கொல்லர் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட்.

1812ஆம் ஆண்டு கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஹம்ப்ரி டேவி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிலையத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. மைக்கேல் கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு படங்களோடு அழகாகத் திருப்பி எழுதி, தம் கையாலேயே கட்டி, டேவிக்கே அனுப்பி வைத்தார். முன்னூறு பக்கத்துக்கு மேல் இருந்த அந்த நோட்டைப் பார்த்து டேவி மகிழ்ந்துபோனார். 1813ஆம் ஆண்டு, நிலையத்தின் உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதால் வேலையை இழந்தார். அந்த இடம் மார்ச் மாதம் ஃபாரடேக்குக் கிடைத்தது. வாரச் சம்பளம் 25 ஷில்லிங்; மேல்மாடியில் தங்க இரண்டு அறைகள்.

தென்னாட்டு மூசையிலிருந்து லண்டனுக்கு

இப்போது நம் கத்திக்கு வருவோம். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற தொழிலாளர் இருந்தார். அறுவை மருத்துவக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்வதில் கைதேர்ந்தவர். அவர் மனதைக் கவர்ந்திருந்த பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஊட்ஸ்'. அது நம் இந்திய உருக்கு!

ஊட்ஸ் என்ற பெயரே நம் பக்கத்துச் சொல்லிலிருந்து போனதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கன்னடத்தில் உருக்குக்கு 'உக்கு' என்று பெயர், தமிழில் 'உருக்கு'. நம் கொல்லர்கள் இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? சிறு இரும்புத் துண்டுகளை மண்ணால் செய்த மூசையில் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சிகளைப் போட்டு, எருக்கிலை போன்ற இலைகளால் மூடுவார்கள். மூசையின் வாயைக் களிமண்ணால் பூசி, உலையில் வைத்துத் துருத்தியால் மணிக்கணக்கில் ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறி, இரும்பு உருக்காகிவிடும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில், பழங்கால உலைகளும் மூசைகளும் கிடைத்துள்ளன.

1790களில் பம்பாயிலிருந்த ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர், இந்த உருக்குக் கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். அதில் ஒரு பேனாக்கத்தி அடித்துப் பார்த்தவர்தான் ஸ்டோடார்ட். அடிப்பது கடினமாக இருந்தது. ஆனால் கூர்மை அபாரம்! இதில் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் துடித்தார். அதற்கு ஒரு வேதியியல் அறிஞரின் துணை வேண்டும். கொல்லர் மகனான ஃபாரடே, அந்தக் கொல்லுப்பட்டறைக் கேள்வியை எடுத்துக்கொண்டார்.

1819ஆம் ஆண்டு ஊட்ஸ் பற்றிய தம் ஆய்வை ஃபாரடே வெளியிட்டார். அதிலுள்ள அலுமினியமே அந்த உருக்கின் சிறப்புக்குக் காரணம் என்று எண்ணினார். இந்த முடிவு தவறு. ரகசியம் கரியில்தான் இருந்தது. பாரிஸ் நகரத்து நாணயச் சாலையைச் சேர்ந்த ப்ரேயான் என்பவர் 1823ஆம் ஆண்டு கரியின் பங்கை எடுத்துக்காட்டினார். ஆவாரங்குச்சியை அளந்து போட்ட நம் கொல்லருக்கு வேதியியல் பாடம் தெரியாது. ஆனால் எவ்வளவு போட வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும்!

ஃபாரடேயின் எண்ணம் தவறானாலும் அது ஒரு பெரிய கதவைத் திறந்தது. வேறு ஒரு உலோகம் சிறிது கலந்தால் உருக்கு மேம்படும் என்றால், எல்லா உலோகங்களையும் கலந்து பார்த்தால் என்ன?

நிலவறையில் ஒரு உலை

ராயல் இன்ஸ்டிடியூஷனின் கீழ்த்தளத்தில் ஒரு உலை எழுந்தது. ஃபாரடேயும் ஸ்டோடார்டும் உருக்கோடு பிளாட்டினம், ரோடியம், தங்கம், வெள்ளி, நிக்கல், குரோமியம், செம்பு என்று ஒவ்வொன்றாகக் கலந்து உருக்கினார்கள். பிளாட்டினம் தனியாக உருக வேண்டுமானால் 1768 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் உருகிய உருக்கோடு சேர்ந்தால், தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோலக் கரைந்துவிடும். உருக்கும் பிளாட்டினமும் சம எடை சேர்த்தபோது, கண்ணாடிபோல் மினுங்கும், மங்காத ஒரு கலவை கிடைத்தது.

வெள்ளி மட்டும் முரண்டு பிடித்தது. உருகி இருக்கும்போது உருக்கோடு இருப்பதுபோல் தோன்றும். ஆறத் தொடங்கியதும் முத்து முத்தாக வெளியே வந்துவிடும், வியர்வைபோல! அவர்கள் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் 500 பங்கு உருக்குக்கு 1 பங்கு வெள்ளி என்ற அளவில், வெள்ளி பிரியாமல் நின்றது. அந்த உருக்கு கத்திக்கு நல்லது என்று கண்டார்கள். 1820இலும் 1822இலும் இந்த முடிவுகளைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

குழந்தைகளே, இங்கே சற்று நில்லுங்கள். இந்தக் கலவைகளுக்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பண்ணலாம் என்று ஃபாரடே நினைக்கவில்லை. அளவு உட்பட எல்லாவற்றையும் அச்சில் போட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். அவருக்குக் கிடைத்த பலன் என்ன? தாம் உருவாக்கிய உருக்கில் சவரக்கத்திகள் செய்து, நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவ்வளவுதான்!

'வெள்ளி உருக்கு' ஒரு மந்திரச் சொல்

செய்தி ஷெஃபீல்டுக்குப் போனது. அங்கிருந்த சிலர் ஃபாரடேயின் கலவைகளை உண்மையாகவே செய்து பார்த்தார்கள். ஆனால் விலை உயர்ந்த உலோகங்களைக் கலந்தால் கத்தியின் விலையும் ஏறுமே! ஆகவே கலவை பரவவில்லை. பெயர் மட்டும் பரவியது. 'வெள்ளி உருக்கு' என்ற சொல் வாங்குபவர்களுக்குப் பிடித்திருந்தது. வெள்ளி துளியும் இல்லாத உருக்கிலும் அந்தச் சொல்லைப் பொறித்தார்கள். இன்றைக்கும் பட்டறைகளில் அந்தப் பெயரில் ஒரு வகை உருக்குக் கம்பி விற்கிறது. அதில் வெள்ளி கிடையாது, பளபளப்பு மட்டும்தான்.

ஆகவே அந்தச் சொல்லைக் கண்டால் நாம் இரண்டு விஷயம் புரிந்துகொள்ளலாம். ஒன்று, அந்தக் கத்தி 1820ஆம் ஆண்டுக்குப் பிறகு செய்தது. இரண்டு, எங்கோ ஒரு மூலையில் அதற்குப் பின்னால் ஃபாரடேயின் உலை இருக்கிறது. வெள்ளி இருக்கிறதா என்பதை மட்டும் அந்தச் சொல்லை நம்பிச் சொல்ல முடியாது.

1823ஆம் ஆண்டு ஸ்டோடார்ட் காலமானார். கூட்டாளி போன பிறகு ஃபாரடேயின் உருக்கு ஆய்வும் மெல்ல நின்றுவிட்டது.

உலகத்துக்கு ஒளி தந்தவர்

அதற்குள் வேறொரு பெரிய வேலை அவரை அழைத்துவிட்டது. 1821ஆம் ஆண்டு சாரா பர்னார்டு என்ற பெண்ணை மணந்துகொண்டார். அதே ஆண்டு, மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். உங்கள் வீட்டு மின்விசிறியின் பாட்டன் அதுதான்! 1825இல் பென்சீன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், காந்தத்தின் துணையால் மின்சாரத்தை உண்டாக்கலாம் என்று கண்டார். அணையில் தண்ணீர் விழுந்து மின்சாரம் வருகிறதே, அதற்கும் அடிப்படை இதுவே.

புகழ் வந்தபோதும் அவர் மாறவில்லை. ராயல் சொசைட்டி என்னும் உயர்ந்த அறிவியல் கழகத்தின் தலைவர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். 'சர்' பட்டத்தையும் ஏற்கவில்லை. ஆனால் உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியருக்குப் பாடம் சொல்ல மட்டும் அவர் மறுக்கவே இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்காக நடக்கும் சொற்பொழிவுகளை 19 முறை நடத்தினார். ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, அதைக்கொண்டே வேதியியல் முழுவதையும் சொல்லிக்கொடுத்தார்.

1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தம் 75ஆம் வயதில் அவர் மறைந்தார். லண்டன் ஹைகேட் இடுகாட்டில் எளிமையான கல்லறையில் உறங்குகிறார்.

மரப்பெட்டியில் 79 துண்டுகள்

மின்சாரத்தின் புகழில் அவருடைய உருக்கு வேலையை எல்லோரும் மறந்தார்கள். நினைத்தவர்களும் அதை வெற்றி பெறாத முயற்சி என்றே எண்ணினார்கள். ஆனால் ஒரு மரப்பெட்டி மட்டும் பத்திரமாக இருந்தது. அதற்குள் ஃபாரடேயின் சோதனை உருக்குத் துண்டுகள் 79 கிடந்தன.

அந்தப் பெட்டியை ஆராய முன்வந்தவர் சர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு. அவரும் ஷெஃபீல்டுக்காரர், மாங்கனீசு கலந்த, தேயாத உருக்கைக் கண்டுபிடித்தவர். துண்டுகளோ மிகச் சிறியவை, விலைமதிப்பற்றவை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, எதில் என்ன இருக்கிறது என்று சோதித்தார். பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஃபாரடே தம் கட்டுரைகளில் எழுதியது வெறும் பேச்சல்ல என்று தெரிந்தது. 1931ஆம் ஆண்டு ஹாட்ஃபீல்டு தம் முடிவுகளை வெளியிட்டார். காந்தத்தால் மின்சாரம் கண்ட நூறாவது ஆண்டு அது!

பல உலோகங்களைக் கலந்து உருக்கை முறைப்படி ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஃபாரடே என்பதை உலகம் அப்போதுதான் நன்கு உணர்ந்தது. அவர் கலந்து பார்த்த குரோமியத்தை அதிக அளவில் சேர்த்து, ஹாரி ப்ரியர்லி என்பவர் அதே ஷெஃபீல்டில் 1913ஆம் ஆண்டு துருப்பிடிக்காத உருக்கைச் செய்தார். நீங்கள் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு அந்த வழியில் வந்ததே.

யார் செய்தது?

இப்போது நம் துப்பறியும் விளையாட்டுக்கு விடை சொல்லுங்கள். அந்தப் பழைய கத்தியைச் செய்தது யார்? பெரும்பாலும் கழுத்தில் பெயர் பொறித்த நிறுவனம்தான்.  ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னும் சிலர் நிற்கிறார்கள். அளவை மறைக்காமல் ஊருக்கே சொன்ன ஃபாரடே நிற்கிறார். கூர்மையின் ரகசியத்தைத் தேடிய ஸ்டோடார்ட் நிற்கிறார். அவர்கள் இருவரையும் வியக்கவைத்த உருக்கை, ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் போட்டு ஊதிய நம் நாட்டுக் கொல்லர்களும் நிற்கிறார்கள். அந்தக் கொல்லர்களின் பெயர் எந்தக் கத்தியிலும் இல்லை.

பொறித்த பெயர் பொய் சொல்லலாம். உள்ளே இருக்கும் உலோகம் பொய் சொல்லாது. வீட்டில் பழைய கத்தரிக்கோலோ, பூட்டோ, தராசோ இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவர்களோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். எழுதாமல் விட்டது யார் பெயரை என்றும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு வேலை செய்யும்போது, பெயர் வருகிறதோ இல்லையோ, ஃபாரடேயின் மரப்பெட்டிபோல நூறு ஆண்டு கழித்துத் திறந்தாலும் உண்மையாக இருக்கும்படி செய்யுங்கள்.